சாதி ஏட்டில் இல்லாத நாட்டில் சாதிப் பாகுபாட்டை எதிர்கொள்வது எப்படி: தோட்டப்புறத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கெடா மாநிலத்துப் பீடோங் கடைத்தெருவின் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) மேசை போட்டு மனு எழுதித் தரும் வேலையை நான் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், ஊழியர் சேமநிதி, மணவிலக்கு, நிலவரி என்று எத்தனையோ காரியங்களுக்காக வந்தவர்களில், “சாதியால் எனக்கு அநியாயம் நடந்தது, மனு எழுதித் தாருங்கள்” என்று வாய்திறந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கோவிலில் ஒரு பிரச்சினை என்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் தடைபடுகிறது என்பார்கள். முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பார்கள். வாங்கி வைத்த தேநீர் ஆறிப்போகும் வரை பேசிய பிறகுதான், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நாங்க அந்த ஆளுங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுய்யா” என்ற வாக்கியம் வரும்.

அந்த வாக்கியத்தைத் தாளில் ஏற்றுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. மலேசியாவில் பிறப்புப் பத்திரத்தில் இனமும் மதமும் உண்டு, சாதி இல்லை. சாதிச் சான்றிதழ் என்ற ஒன்றை எந்த இலாகாவும் வழங்குவதில்லை. எந்தச் சட்டமும் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஏட்டில் இல்லாததால் “இங்கே சாதி இல்லை” என்று மேடையில் சொல்லிவிட முடிகிறது; அதே காரணத்தால், பாதிக்கப்பட்டவர் முறையிடப் போகும்போது எந்தப் படிவத்திலும் அவருடைய குறைக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. ஆகவே, சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தை அதன் கண்ணுக்குத் தெரியும் வடிவில் எழுதிக் காட்டுவது எப்படி என்பதையே கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

முறையிடப் போகுமிடத்தில் அதிகாரி பெரும்பாலும் வேற்றினத்தவராக இருப்பார், சாதி என்றால் என்ன என்று கேட்பார். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் வரலாற்றை முதல் படியாக வைக்கிறேன்.

மலாயாவில் 1910ஆம் ஆண்டோடு ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மையான வழியாயிற்று. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போய், தன் உறவினரையும் அண்டைச் சேரியினரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றினார். தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காட்டு மாவட்டங்களின் நிலமற்ற குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வந்தன; அவர்களில் பறையர், பள்ளர் முதலிய தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினர். ஊரைப் பெயர்த்துக் கொண்டுவந்தபோது ஊரின் படிக்கட்டும் சேர்ந்தே வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. இறப்பு வீட்டில் பறையடிப்பது யார், துணி வெளுப்பது யார், முடி வெட்டுவது யார் என்பதும் ஊர் வழக்கப்படியே நடந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தபோது கங்காணி முறை முடிவுக்கு வந்தது. லயத்தின் ஒழுங்கு அதோடு முடிந்துவிடவில்லை.

அதை எதிர்த்தவர்களும் இங்கேயே இருந்தார்கள். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் மலாயாவெங்கும் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிச் சாதி ஒழிப்பை எழுதிக்கொண்டேயிருந்தார். பின்னர் 1952இல், சாதியும் மதமும் பாராமல் அனைவரும் ஒன்றுகூடட்டும் என்று தமிழர் திருநாளை நடத்தத் தொடங்கினார். எங்கள் பீடோங்கிலும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்குள்ள ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தோட்டத்தானைக் குடியில் அமிழ்த்தி வைத்திருந்த கள்ளுக்கடைகளை மறித்தது. 1947இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. அதற்கு முன்பே, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் தொழிலாளர் கோரினர். ஊர்த்தெருவில் சேரிக்காரர் செருப்பணிந்து நடக்கவோ சைக்கிளில் போகவோ கூடாது என்று விதித்திருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இங்கே துரையின் முன்னால் இறங்க மறுத்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. அதே கைகளில் சில, லயத்துக் குழாயடியில் இன்னொருவரின் குடத்தைத் தள்ளி வைத்த கைகள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, நாம் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தோம். லயம் இடிந்தது; லயத்தில் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்ற நினைவு இடியவில்லை.

படி 2: நடந்தது சாதிப் பாகுபாடுதானா என்பதைத் தெளிவாக்குங்கள்

எல்லாச் சச்சரவும் சாதிச் சச்சரவு ஆகாது. கோவில் தலைவருக்கும் உங்களுக்கும் பழைய பணத் தகராறு இருந்தால் அதைச் சாதி என்று எழுதாதீர்கள். ஒரு பொய், பின்னால் வரும் பத்து உண்மைகளை அழித்துவிடும். ஒரே நிலையிலிருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது உங்களுக்கு மறுக்கப்பட்டதா, மறுப்பதற்கு முன்போ மறுக்கும்போதோ பிறப்பைப் பற்றிய பேச்சு எழுந்ததா என்ற இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சாதியை நேராகக் கேட்பவர் குறைவு. “சொந்த ஊரு எது?”, “அப்பா எந்தத் தோட்டம்? எந்த லயம்?”, “குலதெய்வம் யாரு?”, “நீங்க நம்ம ஆளுங்களா?” என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். அக்கறையாகக் கேட்கும் கிழவியும் உண்டு, எடைபோடுவதற்காகக் கேட்பவரும் உண்டு. கேள்விக்குப் பின் நடத்தை மாறுகிறதா என்பதே அளவுகோல். வாடகை வீடு “நேற்றே வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று” என்றாகிவிடும். வரன் பார்க்கும் தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார். கோவிலில் உபயத்துக்குப் பெயர் கொடுத்தால், திருவிழாவின் பத்து நாளும் “பரம்பரை உபயக்காரர்” வசம் இருப்பதாகச் சொல்வார்கள்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தலித் என்ற மராத்திச் சொல், நசுக்கப்பட்டவர் என்னும் பொருளில், 1970களின் தலித் பேந்தர் இயக்கத்துக்குப் பிறகு இந்தியாவெங்கும் பரவியது. அது போராடுகிறவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். நம் தோட்டப்புறங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயரே மூத்தவர்களுக்குப் பழக்கம், இளையவர் பலர் எந்தப் பெயரையும் சூடிக்கொள்வதில்லை. மனுவில் நீங்கள் இன்ன சாதி என்று அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. “இன்ன சாதியாகக் கருதி என்னை இப்படி நடத்தினார்கள்” என்று எழுதினால் போதும், ஏனெனில் குற்றம் அவர்களுடைய கருத்தில் இருக்கிறது.

பறையர் என்ற பெயர் ஆங்கிலத்தின் வழியே மலாய் மொழிக்கும் போய் வசைச்சொல்லாகிவிட்டது. 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களின் பாடநூலாக இருந்த ‘இண்டர்லோக்’ நாவலில் அந்தச் சொல் வந்ததை எதிர்த்து இந்திய சமூகம் பெரும் கண்டனம் எழுப்பியது. அவ்வாண்டின் இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. கண்டனம் நியாயமானது. ஆயினும் என் மேசைக்கு வந்த சிலர், “நம்மையெல்லாம் அவனுங்களோடு சேர்த்துச் சொல்லிட்டானே” என்று பொருமியதைக் கேட்டபோது, வசையால் புண்பட்டவர் யார், வசையையே நம்புகிறவர் யார் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

படி 3: அன்றே எழுதி வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் முடிவெடுத்தால், இந்தப் படியைச் செய்யுங்கள். தாள் கிழிந்து விழாத, தைத்த கட்டுப்போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, பக்கங்களுக்கு எண் இட்டு, நடந்ததை நடந்த அன்றே எழுதுங்கள். நாள், நேரம், இடம், அங்கிருந்தவர்கள், சொல்லப்பட்ட சொற்கள், மறுக்கப்பட்டது என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் ஆகியவை இருக்க வேண்டும். சொல்லப்பட்ட சொல்லைச் சொல்லப்பட்ட மொழியிலேயே, பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். “என்னை இழிவாகப் பேசினார்” என்பது உங்கள் முடிவு. எந்த அதிகாரியும் அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது.

மாதிரிக்கு ஒன்று: “2 மார்ச், ஞாயிறு, காலை 10.30. கோவில் மடப்பள்ளி வாசல். அன்னதானத்துக்குக் காய்கறி வெட்ட உட்கார்ந்தேன். செயலவை உறுப்பினர் ஒருவர் வந்து, ‘நீங்க வெளிய பாத்திரம் கழுவுங்கம்மா, உள்ள நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க’ என்றார். நான், ‘ஏன்?’ என்றேன். ‘பழக்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க’ என்றார். மூன்று பெண்கள் அருகில் இருந்தனர். எழுந்து வெளியே வந்துவிட்டேன். பாத்திரம் கழுவவில்லை.” இதில் ஓர் உரிச்சொல்கூட இல்லை என்பதைப் பாருங்கள். படிக்கிற அதிகாரிக்குக் கோபம் வந்தால் அது அவருடைய கோபமாகவே வரட்டும்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தியானால், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், அந்தச் செய்தியை அழிக்காமல், கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். அனுப்பியவரின் எண்ணும் நாளும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள். சாட்சி சொல்லக்கூடியவரிடம், “நீங்களும் கேட்டீர்கள்தானே?” என்று அன்றிரவே ஒரு செய்தி அனுப்பி, அவருடைய பதிலையும் பாதுகாத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவருக்கு மறதி வரும். அந்த மறதிக்குப் பின்னால் அவருடைய மகளின் கல்யாணப் பேச்சோ கோவில் பதவியோ இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என்னிடம் பதினேழு பக்கம் எழுதப்பட்ட நோட்டை நீட்டினார். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் நாளும் நேரமும் ஒன்றுகூட விடுபடவில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) எடை குறைத்து எழுதுவாரோ என்ற பயத்தில், தினமும் தன் பங்குக்குத் தானே எடை எழுதி வைத்த பழக்கம் அது என்றார்.

படி 4: எந்தச் சட்டம் உங்களுக்குப் பயன்படும், எது பயன்படாது என்று அறியுங்கள்

தமிழ்நாட்டுச் செய்திகளைக் காணொளியில் பார்த்துவிட்டு, “வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட முடியாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. இந்திய அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் (பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது) 1989இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. அவை எளிதில் வந்துவிடவில்லை. 1927இல் மராட்டியத்தின் மகாடு ஊர்க் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தபோதும் 1968 டிசம்பர் 25 அன்று, நம் பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சட்டங்களின் எல்லை இந்தியாவோடு முடிகிறது.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் என்னும் காரணத்துக்காக மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. வம்சாவளி என்ற சொல் இருப்பதால் நம்பிக்கை பிறக்கும். ஆனால் அது அரசையும் அரசு அமைப்புகளையுமே கட்டுப்படுத்தும். விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் முதலாளியையோ கோவில் செயலவையையோ 8ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அரசு அலுவலகமோ அரசுப் பள்ளியோ பாகுபாடு காட்டினால் அது வேறு கதை.

ஆகவே, சாதி என்ற பெயரில்லாத சட்டங்களில் எது உங்கள் நிகழ்வுக்குப் பொருந்தும் என்று தேட வேண்டும். வேலையிடத்துக்கு, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ளது. வேலையில் காட்டப்படும் பாகுபாடு குறித்துத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணை பிறப்பிக்கலாம். ஆணைக்குக் கீழ்ப்படியாத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பாகுபாடு என்றால் என்னவென்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. நமக்கு அது ஒரு வகையில் நல்லதே, சாதியைச் சேர்த்து வாதிட இடமிருக்கிறது. வேலைக்கு மனுச் செய்து மறுக்கப்பட்டவர் இன்னும் தொழிலாளி ஆகாததால் அவருக்கு இது கைகொடுக்காது. பணிநீக்கமே செய்துவிட்டார்கள் என்றால், தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி 60 நாள்களுக்குள் மனுச் செய்தாக வேண்டும். 61ஆவது நாள் வந்தவர்களுக்காக நான் வருத்தப்பட மட்டுமே முடிந்திருக்கிறது.

படி 5: திருமணத்தைத் தடுக்கிறார்கள் என்றால்

என் மேசைக்கு மிகுதியாக வரும் விவகாரம் இதுதான். மற்ற எல்லாவற்றிலும் “அந்தக் காலம் போச்சு” என்பவர்கள், பிள்ளையின் கல்யாணம் என்று வந்தவுடன் அந்தக் காலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிவிடுகிறார்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் பொருந்தும். 1982 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 21 வயது நிறைந்த ஆணுக்கோ பெண்ணுக்கோ பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவை ஒவ்வொரு தாமான் பலகையிலும் எழுதி மாட்டினால் நல்லது: ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக மணமுடிக்க வற்புறுத்துவதற்கோ, 21 வயது நிறைந்தவர் முறையான திருமணம் செய்துகொள்வதைத் தடுப்பதற்கோ பலாத்காரத்தையோ மிரட்டலையோ பயன்படுத்துவது குற்றம், மூன்றாண்டு வரை சிறையோ, 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மிரட்டுபவர் தந்தையாக இருந்தாலும் தாய்மாமனாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

செய்முறை இப்படி: இருவரும் அடையாள அட்டையோடு தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று மனுச் செய்யுங்கள். மனு 21 நாள் அறிவிப்பாக வெளியிடப்படும். அந்த நாள்களில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். வேற்றுச்சாதி என்பது காரணமாகாது. அந்த 21 நாள்தான் ஆபத்தான காலம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை மனுக் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். மிரட்டல் இருந்தால் அறிவிப்பு ஒட்டும் நாளுக்கு முன்பே போலீஸ் ரிப்போர்ட் செய்து, 37ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். கோவிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவைத் தள்ளிப்போடும் தவற்றைச் செய்யாதீர்கள். பதிவில்லாத தாலிக்கு நாளை வாரிசுரிமை வழக்கில் மதிப்பிருக்காது.

21 வயது நிறையாதவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, காத்திருங்கள் என்பதே. ஓடிப்போவது சினிமாவில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 6: போலீஸ் ரிப்போர்ட் செய்வது

எந்தக் காவல் நிலையத்திலும் செய்யலாம்; பணம் கிடையாது. படி 3இல் எழுதிய நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், நினைவிலிருந்து சொல்லாதீர்கள். மலாய் மொழியில் தட்டெழுதப்படும் வாசகத்தைக் கையெழுத்திடுவதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டியது “சண்டை” என்று சுருங்கிப்போய்ப் பதிவான ரிப்போர்ட்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திட்டிய தமிழ்ச்சொல்லை அப்படியே ரோமன் எழுத்தில் எழுதி, அதன் பொருளையும் மலாயில் சேர்க்கக் கேளுங்கள்.

தண்டனைச் சட்டத்தில் 503, 506 ஆகிய பிரிவுகள் குற்றவியல் மிரட்டலுக்கும், 504 சண்டையைத் தூண்டும் அவமதிப்புக்கும் உரியவை. 2025இல் நடைமுறைக்கு வந்த 507பி முதலான புதிய பிரிவுகள், மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களால் ஒருவருக்கு மனவேதனையோ அச்சமோ உண்டாக்குவதையும் குற்றமாக்கியுள்ளன. பகடிவதைக்கு எதிராக வந்த இந்தப் பிரிவுகளைச் சாதி வசைக்கும் பயன்படுத்த முடியும் என்பது என் எண்ணம். வெறும் அவமதிப்பு என்றால், அரசுத் தரப்பு வழக்கறிஞரின் ஆணையின்றி போலீசார் புலனாய்வு செய்ய முடியாத வகைக்குள் அது வரலாம். அப்போது மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும் வழியும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் திறந்திருக்கிறது. “இது சில்லறை விஷயம், வீட்டுக்குப் போங்கள்” என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். போலீசார் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கழிந்தும் தகவல் இல்லையென்றால், அதே சட்டத்தின் 107ஏ பிரிவின்படி விசாரணையின் நிலையைக் கேட்டு எழுதலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. குழந்தையோ பெண்ணோ வீட்டில் அடைபட்டிருந்தால் 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: முகநூலில் பெயர் போட்டுக் கொட்டித் தீர்க்காதீர்கள். அவதூறு வழக்கும், தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் உங்கள்மேலேயே திரும்பும். அவமானப்படுத்தியவர் நிதானமாக வழக்கறிஞரோடு வர, அவமானப்பட்டவர் ஜாமீனுக்கு ஆள்தேடி அலைந்த காட்சி நம் ஊருக்குப் புதிதல்ல.

படி 7: சுஹாகாமும் அதற்கு அப்பாலும்

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடம் யாரும் முறையிடலாம். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அது தொடாது. அந்த ஆணையத்தால் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும், தண்டிக்க முடியாது. அப்படியிருக்க எதற்கு அங்கே போவது என்று கேட்கலாம். ஏட்டில் ஏறுவதற்காக. சாதி என்ற சொல்லோடு ஒரு முறையீடு அவர்களுடைய கோப்பில் பதிவாகும்போது, “இங்கே அப்படி ஒன்றும் இல்லை” என்பதற்கு எதிராக ஒரு தாள் சேர்கிறது.

அனைத்துலக மேடையிலும் இதே கதைதான். எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையிலுள்ள வம்சாவளி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002இல் அறிவித்தது. முந்தைய ஆண்டு டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் எழுப்பிய குரலின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. ஐசெர்ட் எனப்படும் அந்த உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. சேரப்போவதில்லை என்று 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த விவாதம் முழுவதும் மலாய்க்காரர் உரிமை, மற்றவர் உரிமை என்றே நடந்தது. நமக்குள்ளேயே ஒரு பிரிவினருக்கு அது எவ்வளவு தேவை என்று பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஐ.நா. மனித உரிமை மன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மலேசியாவை மீளாய்வு செய்கிறது. கடைசியாக நடந்தது 2024 ஜனவரியில். அடுத்த முறைக்கு அரசு சாரா அமைப்புகள் அறிக்கை தயாரிக்கும்போது உங்கள் நோட்டின் நகல் அவர்களுக்குப் பயன்படும்.

படி 8: கோவில், சங்க விதிகளைத் திருத்துவது

இதை இறுதியில் வைப்பதற்குக் காரணம், இதற்கு ஓர் ஆள் போதாது, பொறுமையும் ஓராண்டுக் காலமும் வேண்டும் என்பதே. நம் கோவில்கள் பலவும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. பதிவான சங்கத்துக்கு எழுத்துப்பூர்வமான விதிகள் உண்டு. அந்த விதிகளில் சாதி இருக்காது, “பழக்கத்தில்” மட்டுமே இருக்கும். உங்கள் வலிமை அந்த இடைவெளியில் இருக்கிறது.

முதலில், ஆண்டுச் சந்தா கட்டி முறையாக உறுப்பினராகுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறுப்பினர் மனுவை வாங்க மறுத்தால், பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டை நோட்டில் ஒட்டுங்கள். இரண்டாவதாக, விதிகளின் நகலைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவதாக, உபயம், மடப்பள்ளி, சப்பரம் தூக்குவது, செயலவைப் பதவி ஆகியவற்றில் யாருக்கு எந்த அடிப்படையில் இடம் தரப்படுகிறது என்று ஒரே பக்கக் கடிதத்தில், மரியாதை குறையாமல் கேளுங்கள். “பரம்பரை” என்று எழுத்தில் பதில் வந்தால், ஒரு பெரிய வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள், ஏனென்றால் அதுவரை வாய்மொழியாக மட்டுமே இருந்தது இப்போது அவர்களுடைய கையெழுத்தோடு தாளில் வந்துவிட்டது. பதிலே வராவிட்டால், கேட்ட நாளையும் பதில் வராத நாள்களையும் பதிவு செய்யுங்கள்.

இதற்குள் ஊரில் பேச்சு எழும். துக்கவீட்டுக்கு வரமாட்டோம் என்பார்கள், கல்யாணப் பந்தியில் ஆள் குறையும், “கோவிலைப் பிளக்கிறான்” என்ற பட்டம் வரும். தனியாக நின்றால் இதைத் தாங்க முடியாது. ஆகவே கடிதம் கொடுக்கும் முன்பே ஐந்தாறு குடும்பங்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் பாதிக்கப்படாத சாதியில் பிறந்தவர் இருவராவது இருந்தால் நல்லது. நம் பக்கத்திலும், தமக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார் என்று கருதித் துணிவெளுப்பவர் வீட்டிலும் துப்புரவாளர் வீட்டிலும் கை நனைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு அந்தப் பேச்சையும் அப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள், ஆண்டுக் கூட்டத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வீசும்.

பிறகு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் சங்க விதி குறிப்பிடும் காலக்கெடுவுக்குள் தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: “இக்கோவிலின் உறுப்பியம், உபயம், மடப்பள்ளிப் பணி, ஊர்வலப் பணி, செயலவைப் பதவி ஆகிய எதிலும் எவருக்கும் சாதி, வம்சாவளி, பரம்பரை ஆகியவற்றின் அடிப்படையில் முன்னுரிமையோ மறுப்போ கூடாது. உபய நாள்கள் ஆண்டுதோறும் விண்ணப்பித்த உறுப்பினர்களிடையே குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும்.” இரண்டாவது வாக்கியத்தை நீக்கிவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம் என்று சமரசம் பேச வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், குலுக்கல் இல்லையேல் முதல் வாக்கியம் சுவரில் தொங்கும் நாள்காட்டி போலத்தான்.

தீர்மானம் நிறைவேறினால், விதிமாற்றத்துக்குச் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் பெற வேண்டும்; அது வரும் வரை திருத்தம் செல்லாது. கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதைச் செயலாளருக்கு நினைவூட்டுங்கள். தோற்றால், தீர்மானம் தோற்றதையும் ஆதரவாகவும் எதிராகவும் விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையையும் கூட்டக் குறிப்பில் எழுத வலியுறுத்துங்கள். அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பு வாசிக்கப்படும்போது எழுந்து நின்று, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே தீர்மானத்தை மீண்டும் கொடுங்கள்.